பட்டறைக்காரர் கேட்ட தொகை நியாயமானதா?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. அன்றிரவும் மறுநாளும் விழுப்புரம் மாவட்டத்தில் பெய்த மழையை நம் பங்கு மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே வெள்ளம் மறித்துப் போக்குவரத்து நின்றது. இடிந்த சுவர்களைப் பற்றியும் அழிந்த பயிரைப் பற்றியும் அப்போது எல்லாரும் பேசினர். தெருவோரம் நின்ற கார்களைப் பற்றிய பேச்சு ஒரு வாரம் கழித்துத்தான் எழுந்தது. பட்டறைகள் எஸ்டிமேட் சீட்டுகளை எழுதித் தரத் தொடங்கிய பிறகு.

நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று. குடும்பத் தலைவர் பள்ளி ஆசிரியர். வயது முதிர்ந்த தாயாரை மருத்துவமனைக்கும் ஞாயிறு திருப்பலிக்கும் அழைத்துச் செல்வதற்கென்றே எட்டாண்டுப் பழமையான சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருந்தார். விழுப்புரத்தில் வீட்டு வாசலில் நின்ற அந்தக் காருக்குள், கதவின் அடிவிளிம்பைத் தாண்டி நீர் புகுந்து, கால் வைக்கும் இடத்து விரிப்பு முழுதும் நனைந்து போயிற்று. நீர் வடிந்த பின் காரைக் கயிறு கட்டி இழுத்துச் சென்று ஒரு பட்டறையில் விட்டார். இரண்டு நாளில் சீட்டு வந்தது: "என்ஜின் வேலை, வயரிங், கிளீனிங் – ரூ. 92,000." ஒரே வரி. மகளின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்திற்கென வங்கியில் அவர் சேர்த்து வைத்திருந்ததோ 80,000 ரூபாய். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, ஞாயிறன்று கோவில் வாசலில் நின்றவர்களிடமெல்லாம், "வெள்ளத்திலும் கொள்ளையடிக்கிறான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் நம்மிடம் வந்தார்.

கொள்ளைதானா? சீட்டைப் பார்த்து நம்மாலும் சொல்ல இயலவில்லை. 92,000 மிகுதியா குறைவா என்று ஆராய்வதற்கு முன், காரில் கெட்டுப்போனது எது என்பது தெரிய வேண்டும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்தின் விலையை எவ்வாறு மதிப்பது? அந்த ஒரு வரியில் மருந்துதான் இருந்தது. நோயின் பெயர் இல்லை.

இக்குழப்பம் நம்மூருக்கு மட்டும் உரியதன்று. 1973-ஆம் ஆண்டில் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். கத்தரிக்காயின் தரத்தை வாங்கும்போதே பார்த்தறியலாம். சோற்றின் சுவையை உண்டபின் அறியலாம். ஆனால் சிலவற்றை வாங்கிப் பயன்படுத்திய பின்னும், உண்மையில் அது நமக்குத் தேவைப்பட்டதா என்று அறிய முடியாது. அத்தகையவற்றை நம்பிக்கையின்மேல் வாங்கும் பண்டங்கள் என்று அவர்கள் வகைப்படுத்தினர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று கார் பழுதுபார்ப்பே. நோயைக் கண்டு சொல்பவரும் அவரே, மருந்து விற்பவரும் அவரே. கார் ஓடத் தொடங்கினால் நாம் மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். பத்து ரூபாய் வேலையில் ஓடியிருக்குமா என்பது நமக்குத் தெரியவே வராது.

இதற்கும் முன்பே, 1941-இல், அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. நல்ல நிலையிலிருந்த காரில் ஒரே ஒரு மின்கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, நாடு முழுவதும் 347 பட்டறைகளுக்கு அதைக் கொண்டு சென்றனர். கம்பி கழன்றிருப்பதைக் கண்டு நேர்மையாகச் சொன்னவை 129. மற்ற 218 பட்டறைகளில் இல்லாத வேலை சொல்லப்பட்டது, அல்லது மிகையான கூலி கேட்கப்பட்டது. நாம் இதைச் சொல்வது பட்டறைக்காரர்களைத் தூற்றுவதற்காக அன்று. வண்டியின் மூடியைத் திறந்தாலே ஒன்றும் புரியாத ஒருவர் எதிரே நிற்கும்போது எழும் சோதனை எவ்வளவு வலியது என்பதைக் காட்டவே சொல்கிறோம். பிறருடைய அறியாமையையோ இக்கட்டையோ பயன்படுத்தி விலையை உயர்த்துவதை, 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏழாம் கட்டளைக்கு எதிரான குற்றங்களுள் வைத்து எண்ணுகிறது. வெள்ளத்தில் நின்ற காரின் சொந்தக்காரருக்கு அறியாமை, இக்கட்டு இரண்டும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

ஆகவே வெள்ளம் காருக்கு என்ன செய்கிறது என்பதைச் சிறிது விளக்குவோம். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றை அழுத்துகிறது. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் உள்ளே சென்றிருக்கையில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால், அழுந்தாத நீரை எதிர்த்து மோதும் பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போது என்ஜினைக் கழற்றி வேலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை, பெருந்தொகையும் நியாயமே. வெள்ளத்தில் நின்ற வண்டியை எக்காரணத்தைக் கொண்டும் ஸ்டார்ட் செய்யலாகாது என்று கூறுவது இதனால்தான். ஆனால் ஸ்டார்ட் செய்யப்படாத வண்டியில், நீரும் விரிப்பளவே ஏறியிருந்தால், என்ஜின் தப்பித்திருக்க இடமுண்டு. சிறிய கார்கள் பலவற்றில் காற்று உறிஞ்சும் வாய் மேலேதான் இருக்கிறது.

அதைக் கண்டறிவதும் அரிதன்று. ஏர் பில்டர் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் தாள் மடிப்பு உலர்ந்திருக்கிறதா, சேறு படிந்திருக்கிறதா என்று கண்ணாலேயே காணலாம். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் எண்ணெயாக இருக்கிறதா, பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருக்கிறதா என்று தெரியும். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, என்ஜினை ஸ்பேனரால் கையாலேயே சுற்ற வேண்டும். தடையின்றிச் சுற்றி, பிளக் துளைகளிலிருந்து நீர் தெறிக்காவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தேர்ந்த கைக்கு இவ்வளவும் சேர்ந்து ஒரு மணி நேர வேலைதான்.

ஆசிரியரை அழைத்துக்கொண்டு அப்பட்டறைக்குச் சென்றோம். முற்றம் கொள்ளாமல் கார்கள் நின்றன; எண்ணிப் பார்த்தோம், பதினான்கு. எல்லாவற்றிலும் சேற்றுக் கோடு. உரிமையாளர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். "அண்ணே, இந்த வண்டியை வெள்ளத்துக்கு அப்புறம் யாரும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. ஏர் பில்டரைத் திறந்து காட்ட முடியுமா?" என்று ஆசிரியர் கேட்டார். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஸ்டார்ட் பண்ணலைன்னு நீங்க சொல்லவே இல்லையே, சார்" என்றார். முதலில் வந்த ஆறு கார்களையும் உரிமையாளர்கள் முறுக்கிப் பார்த்துக் கெடுத்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்களாம். மின்சாரம் இல்லாத அந்த இரு நாட்களில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க இயலாமல், எல்லாவற்றுக்கும் அதே வரியை எழுதியிருக்கிறார்.

பெட்டி திறக்கப்பட்டது. பில்டர் உலர்ந்திருந்தது. எண்ணெய் தெளிவாயிருந்தது. என்ஜின் கையால் சுற்றச் சுற்றியது.

அன்று மாலையே புதிய சீட்டு எழுதப்பட்டது. இம்முறை ஒரே வரியன்று. என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், கியர் ஆயில், பிரேக் ஆயில் மாற்றுதல். தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தல். நான்கு சக்கரங்களின் பிரேக்குகளைத் திறந்து சேறு அகற்றுதல். இருக்கைகளையும் விரிப்பையும் வெளியே எடுத்து வெயிலில் உலர்த்தி, அடியில் ஓடும் வயர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து துடைத்தல். உதிரிப்பாகத்திற்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, மொத்தம் 24,600 ரூபாய்.

இந்த இரண்டாம் சீட்டைத்தான் மதிப்பிட முடியும். எப்படியெனில், உதிரிப்பாகம் ஒவ்வொன்றின் விலையையும் வெளியே கேட்டறியலாம். பல கார் நிறுவனங்கள் அவற்றை இணையதளத்திலேயே காட்டுகின்றன. ஆனால் ஒரே பெயருள்ள பாகம் மூன்று விதமாகக் கிடைக்கும் என்பதை மறக்கலாகாது. கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒன்று. வேறு தயாரிப்பாளரின் பெட்டியில் சற்று மலிவாக வருவது மற்றொன்று. கழற்றி எடுத்த பழைய பாகம் மூன்றாவது. சென்னைப் புதுப்பேட்டை இந்த மூன்றாம் வகைக்குப் பெயர் பெற்றது. பழைய கதவுக் கண்ணாடியை அங்கே வாங்கிப் பொருத்துவதில் தவறில்லை. பழைய பாகத்தைப் போட்டுப் புதியதன் விலையை எழுதுவதே தவறு. எனவே எந்த வகை என்பதைச் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் அடங்கிய விலை. 1,180 ரூபாய் என்று அச்சிட்ட பாகத்தில் 1,000 விலை, 180 வரி. அந்த 1,180-ன்மேல் மீண்டும் 18 விழுக்காடு போட்டால் 212 ரூபாய் 40 காசு வீணே போகிறது. இது தெரியாமலும் நடக்கிறது, தெரிந்தும் நடக்கிறது. முன்பு பல உதிரிப்பாகங்களுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18 ஆயிற்று. பழைய பழக்கத்தில் 28 என்று எழுதிய சீட்டைக் கண்டால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு பட்டறைக்காரர் அவ்வரியை வசூலிக்கவே உரிமையற்றவர். பதிவு உள்ளவரின் சீட்டில் 15 இலக்க எண் இருக்கும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும்.

கூலியைப் பற்றி நம்மவர்களிடம் ஒரு குறை உண்டு, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். பெட்டியில் வந்த பாகத்திற்கு 3,000 கொடுக்கத் தயங்காதவர், அதை மாற்றிய கைக்கு 800 கொடுக்க முகம் சுளிக்கிறார். விரிப்பைக் கழற்றி வயர் இணைப்புகளைத் துடைப்பது இருவருக்கு ஒரு முழு நாள் வேலை. அதில் கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒன்றுமில்லை. கண்டறிவதற்குச் செலவான அந்த ஒரு மணி நேரத்திற்கும் கூலி உண்டு. அதை நாம் தர மறுத்தால், பட்டறைக்காரர் அதை வேறொரு பாகத்தின் விலைக்குள் ஒளித்து வைக்க நேரிடும். நியாயமான கூலியைக் குறித்து 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதிய சுற்றுமடல் ஆலை முதலாளிக்கு மட்டும் எழுதப்பட்டதென்று நாம் எண்ணிக்கொள்கிறோம் போலும்!

மலிவான சீட்டும் அநியாயமானதாக இருக்கலாம். அதே வெள்ளத்தில் நனைந்த வேறொரு குடும்பத்தின் காருக்கு இன்னொரு பட்டறையில் 9,000 ரூபாய் சொன்னார்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஆயில் மாற்றி, வாசனைத் தெளிப்பானும் அடித்துத் தந்தார்கள். அவர்கள் மிகவும் மகிழ்ந்தார்கள். பொங்கல் கழிந்த பின் கண்ணாடிகள் இறங்க மறுத்தன. ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் இன்னும் ஈரம். செப்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு. அதைச் சரிசெய்ய 31,000 ரூபாய் ஆயிற்று. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் கேட்டு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடு என்னும் அறிவுரையை நாம் முழுமையாக ஏற்பதில்லை. மூன்று இடங்களிலும் கேட்கலாம். கேட்க வேண்டியது தொகையை மட்டுமன்று, பழுது இன்னதென்று எப்படிக் கண்டீர்கள் என்பதையும்தான். மூவர் ஒரே பழுதைச் சொன்னால் தொகைகளை ஒப்பிடுங்கள். மூவரும் மூன்று பழுதுகளைச் சொன்னால் தொகைகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

கணினிச் சோதனைக் கருவியைச் செருகி, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்பவர்களிடமும் இக்கேள்வியைக் கேட்கலாம். எந்தப் பகுதியிலிருந்து தவறான செய்தி வருகிறது என்பதையே அக்கருவி காட்டும். சென்சார் கெட்டதா, அதற்குச் செல்லும் வயர் அறுந்ததா என்பதை மனிதர்தான் சோதிக்க வேண்டும். பிரேக் பேடு தேய்ந்ததென்றால் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். புதியது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுவதே முறை. 6 இருக்கையில் மாற்றச் சொன்னால் அவசரமில்லை என்று அறிக.

இன்சூரன்சைப் பற்றியும் ஒரு சொல். சில பட்டறைகளில் வண்டியைப் பார்க்கும் முன்பே, "இன்சூரன்சா, கைப்பணமா?" என்று கேட்பார்கள். கேள்வியில் தவறில்லை, இன்சூரன்ஸ் என்றால் நிறுவனத்திற்கு முதலில் தெரிவித்து, அவர்களுடைய சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றலாகாது. ஆனால் விடைக்கேற்ப ஒரே வேலைக்கு இரு தொகைகள் எழுதப்படுமானால், அங்கே கைந்நீட்டுவோர் இருவர்; அவர்களில் ஒருவர் நாம். சாதாரண முழுக் காப்பீட்டில், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் பாதி விலையே கிடைக்கும் என்பதும், நீர் புகுந்து கெட்ட என்ஜினுக்குத் தனியே கூடுதல் காப்பு வாங்கியிருந்தால்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும் என்பதும் பலருக்கு வெள்ளம் வந்த பிறகே தெரிய வருகிறது.

வேலை தொடங்கும் முன் ஒப்புதல் ஏன் முக்கியம் என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவின்படி, நம் பொருளின்மீது உழைப்பும் திறமையும் செலவிட்டவர், அதற்குரிய கூலி கிடைக்கும்வரை அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். சாவியைப் பறித்துக்கொண்டு வர நமக்கு உரிமையில்லை. வேலை முடிந்த பின் வாசலில் நின்று சண்டையிடுவதைவிட, "இத்தொகைக்குமேல் போகும் எதையும் எம்மைக் கேட்டே செய்க" என்று சீட்டின் அடியில் முன்பே எழுதி இருவரும் கையொப்பமிடுவது நலம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். முன்கூட்டி எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும், கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பன அங்கே விதி. நம்மிடம் அப்படியொரு தனிச் சட்டம் இல்லாவிடினும், பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதை யாரும் தடுக்கவில்லை.

பேசித் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில் தராமலிருப்பதே அச்சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய தொகை 5 இலட்சத்திற்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது சீட்டைத்தான். ஒரே வரிச் சீட்டோடு போனவர் அங்கும் தடுமாறவே நேரும்.

ஆசிரியரின் கார் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வீடு திரும்பியது. பில் 25,150 ரூபாய். கூடுதலான 550 ரூபாய்க்குப் பட்டறைக்காரர் தொலைபேசியில் முன்பே கேட்டிருந்தார். பழைய ஆயில் பில்டரும் கருத்துப்போன மோட்டார் பிரஷ்களும் ஒரு பையில் போட்டுத் தரப்பட்டன. ஓராண்டும் ஒரு மழைக்காலமும் கடந்த பின்னும் அந்தக் கார் குறையின்றி ஓடுகிறது.

விழா முடிந்த ஞாயிறன்று, திருப்பலிக்குப் பின் ஆசிரியர் உடனே வீடு திரும்பவில்லை. முன்பு தாம் பேசியவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று, "அன்று நான் சொன்னது தவறு, அவர் கொள்ளையடிக்கவில்லை. திறந்து காட்டச் சொல்லி நான்தான் கேட்கவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போயிருந்த ஒருவரை மட்டும் அன்று காண முடியவில்லை. அவருக்காக அடுத்த ஞாயிறும் வாசலில் காத்து நின்றார்.